பெரிய ஆர்டர், சின்ன முதல்: பி.ஓ. ஃபைனான்ஸும் ஃபேக்டரிங்கும் நெடுநாள் பயன்பாட்டில்

ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, சப்ளையருக்குக் கொடுக்கத்தான் பணம் இல்லை. வங்கிக் கடன் கிடைக்காத இந்த நிலையில் ஓடக்கூடிய வழிகள் இரண்டு. பர்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) ஃபைனான்ஸில் நிதி நிறுவனம் சப்ளையருக்கே நேரடியாகப் பணம் கட்டும். நம் கணக்குக்கு வராது. ஃபேக்டரிங்கில் சரக்கு போய்ச் சேர்ந்து பில் போட்டபின், அதை வசூலிக்கும் உரிமையை ஃபேக்டர் எனும் நிதி நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தால், பில் தொகையில் 80 சதவீதம் போல முன்பணம் கிடைக்கும். தனித்தனியாக இரண்டும் ஒழுங்காகவே ஓடும். ஒன்றின் கடனை மற்றொன்றால் அடைக்கும் இடத்தில்தான் சிக்கல்.

ஒரு உதாரணக் கணக்கு. ஆர்டர் 100, சப்ளையருக்கு 70. பி.ஓ. ஃபைனான்ஸ் கட்டணம் 30 நாளுக்கு 3 சதவீதம். சரக்கு தயாராகி, போய்ச் சேர்ந்து, வாங்குபவர் ஏற்க 60 நாள் என்றால் கட்டணம் 4.2, திருப்ப வேண்டியது 74.2. ஃபேக்டரிங் முன்பணம் 80 முதலில் அதற்குப் போகும், கையில் 5.8 நிற்கும். அதுவரை கூலியும் வண்டி வாடகையும் சொந்தக் காசில்தான். பில் 60 நாளில் வசூலானால், பில் தொகை மேல் 30 நாளுக்கு 2 சதவீதம் வீதம் 4 பிடித்துக்கொண்டு மீதி 16 தருவார்கள். 30 மார்ஜின் 21.8 ஆகிறது. தாங்கலாம்.

அதே ஆர்டரில் சப்ளையர் விலை 80 ஆனால்? திருப்ப வேண்டியது 84.8, வரும் முன்பணமோ 80. துண்டு விழும் 4.8-க்கு எங்கே போவது? இந்த விகிதங்களில் 25 சதவீதத்துக்குக் குறைந்த மார்ஜின் ஆர்டரைத் தொடாமல் இருப்பதே மேல். “மூணு பர்சென்ட்தானே” என்று கையெழுத்துப் போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். அது மாதத்துக்கு 3, வருடத்துக்கு அல்ல.

அடுத்த தொல்லை காகிதம். டெலிவரி சலானில் வாட்ச்மேன் போட்ட கையெழுத்தை ஃபேக்டர் மதிக்காது. சரக்கைச் சரிபார்த்து ஏற்றதற்கான ரசீது வேண்டும். 1,000 பீஸ் பில்லில் 40 பீஸ் ரிஜெக்ட் ஆனால், பெரும்பாலும் 960-க்கான பணமும் சேர்ந்தே நிற்கும். லோடு வாரியாகத் தனித்தனி பில் போட்டால் சேதம் ஒரு பில்லோடு போகும். இந்த ஒரு பழக்கம் வட்டி பேரத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

வாங்குபவர் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவருடைய வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்தால் பி.ஓ. ஃபைனான்ஸ் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் எல்.சி.களுக்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600-இன்படி, எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேற்றிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பே, ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாள். இன்வாய்ஸில் சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அங்கே ‘பருத்திக் கையுறை’, இங்கே வெறும் ‘கையுறை’ என்றால் ஆவணம் திரும்பி வர அதுவே போதும். எல்.சி. வாசகத்தை அப்படியே காப்பி எடுத்து ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தங்களில் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும். வாங்குபவரோடு போட்ட ஒப்பந்தத்தில் பில் உரிமையை வேறொருவருக்கு மாற்றத் தடை இருக்கிறதா? இருந்தால் பல ஃபேக்டர்கள் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தரத்துக்காக வாங்குபவர் நிறுத்திவைக்கும் உத்தரவாதப் பிடித்தம் எவ்வளவு? 10 சதவீதம் பிடிப்பார்கள் என்றால் முன்பணத்தை 90-க்குத்தான் கணக்கிடுவார்கள். மேலே போட்ட கணக்கில் 80 வராது, 72-தான். ஃபேக்டரின் ஒப்பந்தத்தில் ரீகோர்ஸ் உண்டா? உண்டு என்றால், வாங்குபவர் தராவிட்டால் நாம் கட்ட வேண்டும். ரீகோர்ஸ் இல்லாத ஏற்பாடும் பொதுவாக வாங்குபவர் திவாலானால் மட்டுமே காக்கும், தரத் தகராறில் காக்காது. இன்னொன்று: ஏற்கெனவே ஓவர்டிராஃப்டுக்காக வரவேண்டிய பாக்கிகளை வங்கியில் ஈடு வைத்திருந்தால், வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. அது வர வாரக்கணக்கில் ஆகும், முதலிலேயே கேட்டு வைக்கலாம்.

பில் உரிமை ஃபேக்டருக்கு மாறிய நோட்டீஸ் போனபிறகும் வாங்குபவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவு பழக்கதோஷத்தில் பழைய கணக்குக்கே பணம் போடும். அது ஃபேக்டரின் பணம். சம்பளத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் கட்டலாம் என்று நினைத்தால் அது ஒப்பந்த மீறல்; வந்த அன்றே மாற்றிவிட வேண்டும்.