வேலூர் வெயிலில் பீட்டா முனை ஆற்றல் அளவீடு: பிளாஸ்டிக் சின்டிலேட்டர் நீண்டகாலப் பயன்பாடு

வேலூர் கல்லூரி ஆய்வகத்தில் பல கோடைகளைத் தாண்டிய அமைப்பு இது. பீட்டா சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்களின் உச்ச ஆற்றலை, அதாவது முனையை, அளப்பது இதன் வேலை: 5 செ.மீ. விட்டம், 2 செ.மீ. தடிமனில் பிளாஸ்டிக் சின்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்), அந்த ஒளியை மின் துடிப்பாக்கிப் பெருக்கும் போட்டோமல்டிபிளையர், துடிப்புகளை உயரவாரியாக எண்ணும் எம்.சி.ஏ. ஸ்ட்ரான்ஷியம்-90, அதன் சேயான இட்ரியம்-90 இரண்டுக்கும் இந்தத் தடிமன் தாராளம். இட்ரியத்தின் முனையான 2280 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான்-வோல்ட்) எலக்ட்ரான்கூட சுமார் 1.1 செ.மீ.யிலேயே நின்றுவிடும்.

இங்கே முதல் எதிரி வெப்பம். போட்டோமல்டிபிளையரின் கெயின் (பெருக்கும் அளவு) டிகிரிக்கு 0.3% குறைவதாக வைத்தாலும், ஏ.சி. நின்று 10 டிகிரி ஏறினால் இட்ரியம் முனை 70 கே.இ.வி. கீழே இறங்கிவிடும். கத்திரி வெயில் நாட்களில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளவுத்திருத்தம் செய்யாத தரவை நாங்கள் ஏற்பதே இல்லை. சின்டிலேட்டரையும் போட்டோமல்டிபிளையரையும் இணைக்கும் ஆப்டிகல் கிரீஸ் சூட்டில் வழிந்து இடையில் காற்றுக்குமிழி விழும்; பிரிதிறன் (அடுத்தடுத்த ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன்) திடீரென மோசமானால் முதலில் அதைப் பாருங்கள். சின்டிலேட்டரை அசிட்டோனால் துடைக்கவே கூடாது, வெளுத்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீர் போதும்.

அளவுத்திருத்தத்துக்கு சீசியம்-137இன் 624, பிஸ்மத்-207இன் 482, 976 கே.இ.வி. கன்வர்ஷன் எலக்ட்ரான்கள் (காமாவுக்குப் பதிலாக, குறிப்பிட்ட ஆற்றலில் வெளிவருபவை) சரியாக வரும். மூலம் மெல்லிய ஜன்னலுடையதாக இருக்கட்டும். தடித்த பிளாஸ்டிக்கில் அடைத்த வட்டுகளிலிருந்து அந்த எலக்ட்ரான்கள் வெளியே வராது. 100 கே.இ.வி.க்குக் கீழே ஒளி வெளியீடு நேர்விகிதத்தில் இருக்காது, அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

குரி வரைபடம் பீட்டா நிறமாலையை நேர்கோடாக மாற்றிக் காட்டும்; கோடு அச்சைத் தொடும் இடமே முனை. அதில் 1000 முதல் 2000 கே.இ.வி. வரை மட்டும் நேர்கோட்டைப் பொருத்துங்கள். 546க்கு மேல் ஸ்ட்ரான்ஷியம் இல்லை. முனையை ஒட்டிய பகுதியைப் பிரிதிறன் இழுத்துக் குழப்பும். இட்ரியம்-90 தடைசெய்யப்பட்ட சிதைவு (குவாண்டம் விதிகளால் அரிதாகி, நிறமாலை வடிவமும் மாறியது) என்பதால், அதைத் திருத்தும் வடிவக் காரணியைச் சேர்க்காவிட்டால் கோடு வளையும். பலர் கருவியைக் குறைசொல்வது இந்த இடத்தில்தான்.

நியூட்ரான் மிகுந்த, குறைந்த ஆயுள் கொண்ட பிளவுப் பொருள்களை வேலூரில் தொட முடியாது. பிரான்சின் கிரெனோபிள் போன்ற அணு உலை மையங்கள் வேண்டும். வழிமுறை மட்டும் அதேதான், கூடவே காமா ஒத்திசைவு, அதாவது ஒரே நேரத்தில் வரும் பீட்டாவையும் காமாவையும் சேர்த்துப் பதிவது, தேவை. 17.8 நிமிட அரை ஆயுள் கொண்ட ருபீடியம்-88ஐப் பாருங்கள். 898 கே.இ.வி. காமாவில் கேட் வைத்தால் (அந்தக் காமாவோடு வரும் பீட்டாக்களை மட்டும் எடுத்தால்) பீட்டா முனை 2.58 எம்.இ.வி.யில் (1 எம்.இ.வி. = 1000 கே.இ.வி.) விழும். அந்தக் காமா கிளம்பும் 2.73 எம்.இ.வி. நிலையைக் கூட்டினால் மொத்தச் சிதைவு ஆற்றல் 5.31. ஆனால் 898க்கு அடியில் 1836 கே.இ.வி. காமாவின் காம்ப்டன் பரப்பு (ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் கருவியில் விட்டுச் சிதறிய காமாக்களின் பதிவு) கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு கேட் வைத்து அதைக் கழிக்காவிட்டால் முனை மேலே நகரும். காமாவே சின்டிலேட்டருக்குள் புகுந்து பீட்டாவோடு கூடினாலும் இதே தவறு வரும். அதனால் ருபீடியம்-92இன் 8.1 எம்.இ.வி.க்கு 4 செ.மீ.க்குச் சற்று மேல் தடிமன் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.