அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பேக்கலைட் லேப் ஸ்டீல் கிதார்

பழைய கிதார் ஒன்றை வாசித்துப் பார்க்காமல், படங்களை மட்டும் நம்பி வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். ஆனால் நம் ஊரில் ஹவாயன் கிதார் என்று அழைக்கப்படும் லேப் ஸ்டீலுக்கு மட்டும் அந்த அறிவுரையைத் தளர்த்தலாம். சாதாரணக் கிதாரில் கழுத்து வளைந்திருக்கலாம், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுக் கம்பிகள் தேய்ந்திருக்கலாம். அவற்றைக் கையில் எடுத்தால்தான் தெரியும். மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் இந்தக் கருவியிலோ தந்தி ஃப்ரெட்டைத் தொடுவதே இல்லை. அவை இடம் காட்டும் கோடுகள் மட்டுமே. தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் ஒழுங்காக வேலை செய்கிறதா, உடலில் விரிசல் உண்டா, பிருடைகள் சுருதியைப் பிடித்து நிறுத்துகின்றனவா என்ற மூன்றையும் விசாரித்துவிட்டால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். அந்தத் துணிவில்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்யப்பட்ட ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ‘மாடல் பி’ லேப் ஸ்டீல் ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் தனி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து சென்னைக்கு வரவழைத்தேன்.

மின்சாரக் கிதாரின் கதை மேடையில் நின்று வாசிக்கும் கிதாரிலிருந்து அன்று, மடியில் வைத்து வாசிக்கும் இந்தக் கருவியிலிருந்தே தொடங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஹவாய் இசை அமெரிக்காவெங்கும் பரவியிருந்த காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினிய லேப் ஸ்டீல், அதன் வட்ட உடலுக்காக ‘ஃப்ரையிங் பேன்’ என்று பெயர் பெற்றது. 1934இல் பீச்சம் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. அதற்குள் மற்ற நிறுவனங்களும் மின்சாரக் கிதார்களைச் செய்யத் தொடங்கிவிட்டன. மேடை விளக்குகளின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி விலகியது வாசிப்பவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. அதற்கு மாற்றாக 1935இல் வந்த ‘மாடல் பி’ பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது. பழைய வீடுகளில் இருந்த கறுப்பு மின்சார ஸ்விட்சுகள் நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கிதாரின் நிறமும் வழவழப்பும் உடனே பிடிபட்டுவிடும்.

சென்னை வெயிலில் பேக்கலைட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தால் சுருதி சற்று நகரத்தான் செய்கிறது; ஆனால் புதிய இடத்தின் சூட்டுக்குப் பழகிய பிறகு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கச்சேரிக்கு முன் கருவியைப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துச் சுருதி சேர்த்தால் தொல்லை இல்லை.

இந்தக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பிக்கப்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வாங்குவது நல்லது. லாடத்தின் வடிவில் வளைந்த இரண்டு காந்தங்கள் தந்திகளின்மேல் கவிந்து நிற்க, தந்திகள் அவற்றின் ஊடே செல்கின்றன. கம்பிச் சுருள் கீழே இருக்கிறது. போருக்கு முந்தைய கருவிகளில் காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம், பிந்தியவற்றில் ஒன்றேகால் அங்குலம். அகலமானவற்றுக்குத்தான் கிராக்கி, விலையும் அதிகம் என்பதால், பிந்தைய கருவியை முந்தையது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு; காந்தத்தின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் அனுப்பச் சொன்னால் வாதத்துக்கே இடமில்லை. எனக்குக் கிடைத்தது ஒன்றேகால் அங்குலம். ஒலியில் அதனால் குறை என்று சொல்ல மாட்டேன். மேல் தந்தியில் கட்டையை மெல்ல ஏற்றினால் ஒலி மெலியாமல் குரலைப் போல நிமிர்கிறது. கீழ்த் தந்திகளில் பருமன் இருந்தும் கலங்கல் இல்லை. இன்றைய மலிவான லேப் ஸ்டீல்களில் நான் கேட்ட கீச்சொலி இதில் அறவே கிடையாது.

முதலில் ஹவாய்க்காரர்களும் கிராமிய இசைக்காரர்களும் விரும்பும் ‘சி6’ சுருதியில் வைத்து வாசித்தேன். பின்னர் தந்திகளை மாற்றி, நம் சங்கீதத்துக்கு ஏற்ப ஸ-ப-ஸ என்று சேர்த்துக்கொண்டேன். இதே போலக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் சித்ரவீணை பழகிய கைக்கு இது அந்நியமான கருவி அல்ல, ஆனால் சில வேறுபாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும். தந்தியின் நீளம் இருபத்திரண்டரை அங்குலமே என்பதால் ஸ்வரங்கள் நெருங்கி நிற்கின்றன. மயிரிழை பிசகினாலும் காந்தாரம் காட்டிக்கொடுத்துவிடும். சித்ரவீணையில் உள்ளதுபோல் தானாக அதிர்ந்து ஒலிக்கும் அநுரணனத் தந்திகளும் தாளத் தந்திகளும் இல்லாததால் தம்புரா ஒலி கட்டாயம் வேண்டும். கமகத்தில் தோடியை விடக் கல்யாணி எளிதாக வசப்படுகிறது என்பது என் கையின் அனுபவம். பிறருக்கு வேறாக இருக்கலாம்.

வாங்கும் முறையைப் பொறுத்தவரை, விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டியது ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிய ஒலிப்பதிவு. ஒரு தந்தி மட்டும் அடங்கி ஒலித்தால் பிக்கப்பில் கோளாறு இருக்கக்கூடும். காந்தம் வலுவிழந்திருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், கம்பிச் சுருள் அறுந்திருந்தால் செலவு வேறு. கழுத்தும் உடலும் சேரும் இடத்திலும், பின்புறம் தந்திகள் நுழையும் துளைகளைச் சுற்றியும் வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து படம் கேளுங்கள், ஏனெனில் பேக்கலைட் வளையாது, நேரே உடையும். என் விற்பனையாளர் கேட்டதையெல்லாம் தயங்காமல் அனுப்பினார். ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ் கரகரக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்ப்ரேயால் அது சரியாகிவிட்டது என்றாலும், சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

அவர் பொதி கட்டிய விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். தந்திகளைத் தளர்த்தி, காந்தங்களுக்கும் தந்திகளுக்கும் இடையே நுரைத் துண்டு செருகி, பழைய பெட்டிக்குள் கிதார் அசையாதபடி தலைப்பகுதியின் கீழும் இருபுறமும் துணி அடைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் இறக்கி அனுப்பியிருந்தார். எடைக்கேற்ற கட்டணம் ஏறத்தான் செய்தது. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் வந்து சேர்வது பேக்கலைட் சில்லுகளாகத்தான் இருக்கும்.

சுங்கத்தில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. அடையாள ஆவணங்களைக் கூரியர் நிறுவனம் கேட்பது வழக்கம்தான். அனுப்பிய அதே ஆவணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்தத் தாமதத்துக்குக் கிடங்கு வாடகையையும் என் கணக்கில் சேர்த்தார்கள். போக்குவரத்தும் வரியும் பிற கட்டணங்களுமாகச் சேர்ந்து கருவியின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டன. வரியைக் குறைக்கிறேன் என்று விலையைக் குறைத்து எழுத முன்வரும் விற்பனையாளரை ஒப்புக்கொள்ளக் கூடாது. அது சட்டத்துக்கு முரண் என்பது ஒருபுறம், வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். பேக்கலைட்டில் ஒரு வசதி உண்டு. பழைய மரக் கருவிகளில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தால், 1992 முதல் அம்மரம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இதன் விரல்பலகையும் பேக்கலைட்டே ஆனதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

கிதாரோடு அதே காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துத் தருவதாக என் விற்பனையாளர் சொன்னார், வேண்டாம் என்றேன். அது அமெரிக்க மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டது, இங்கே மின்மாற்றி இல்லாமல் இயங்காது, எர்த் இணைப்பும் கிடையாது. இங்கே கிடைக்கும் சிறிய ஆம்ப்ளிஃபயரே போதுமானதாக இருக்கிறது. ஹவாயன் கிதார் இப்போதுதான் கற்கத் தொடங்குபவர்கள் கொல்கத்தாவில் செய்யப்படும் கருவிகளில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அங்கே இந்த வாத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு, விலையும் இதன் பக்கத்தில்கூட வராது. கட்டை ஏற்கெனவே கைக்குப் பழகி, லாடக் காந்தத்தின் ஒலிதான் வேண்டும் என்று தேடுபவர்கள் ‘மாடல் பி’யை வாங்கலாம். கூடவே தடிமனான தந்திகளில் இரண்டு மூன்று செட்டுகளையும் அதே பொதியில் போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள். ஸ-ப-ஸ சுருதிக்கு ஏற்ற கனத்தில் இங்கே தனித்தனியாகத் தேடி எடுப்பது சிரமமாக இருக்கிறது.