எல்லாருக்கும் 120/80: நான் படித்த நர்சிங் கல்லூரியின் ஆசிரியர்கள் பற்றி

கல்லூரியின் பெயரைப் போடப் போவதில்லை. தென் மாவட்டம், தனியார் கல்லூரி, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது, பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இவ்வளவு போதும். 2021-22-இல் செமஸ்டர் முறை வந்தபோது சேர்ந்த முதல் செட் நாங்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள் (சாம்பார் தண்ணி, பஸ் நேரத்துக்கு வரும், முடிந்தது). நான் ஆசிரியர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சேருவதற்கு முன்னால் அதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பா விசாரித்ததெல்லாம் ஃபீஸ் எவ்வளவு, வேலை கிடைக்குமா, வார்டன் கண்டிப்பானவரா என்பதுதான்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே கண்ணாடி போட்ட ஒரு ஃபிரேம் தொங்கும், மேலே 'ஃபிலாசஃபி' என்று தங்க எழுத்தில். எந்த நர்சிங் கல்லூரிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். நர்சிங் கவுன்சில் பாடத்திட்டமே தத்துவம் என்ற பகுதியோடுதான் ஆரம்பிக்கும். மாணவியை யோசிக்கப் பழக்க வேண்டும், 'கிரிட்டிக்கல் திங்கிங்' வளர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான்கு வருடத்தில் நான் அதை முழுதாகப் படித்தது ஒரே ஒரு தடவை, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னபோது.

எங்கள் கல்லூரியின் உண்மையான தத்துவம் என்ன என்று எனக்குப் புரிந்தது வார்டில், டி.பி.ஆர். சார்ட்டில். முதல் வருடம், அரசு மருத்துவமனையில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங், அதாவது பயிற்சி. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாருக்கும் டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன், பி.பி. பார்த்து எழுதிவிட வேண்டும். எங்களோடு வந்த மேடத்துக்கு (மூத்த மேடம் என்று வைத்துக்கொள்வோம்) சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், வெளியே நிற்க வேண்டியதுதான், அப்புறம் மன்னிப்புக் கடிதம், இரவு முழுக்க இம்போசிஷன். கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. அதனால் நாங்கள் நிரப்பினோம். பல்ஸ் 78, 80, 82 என்று மாற்றி மாற்றி, ரெஸ்பிரேஷன் 20, பி.பி. 120/80. டீ குடிக்கக் கீழே போயிருந்தவருக்குக்கூட 120/80.

ஒரு வாரம் அவர் லீவு. பதிலாக கம்யூனிட்டி ஹெல்த் எடுக்கும் மேடம் வந்தார். சார்ட்டைப் புரட்டினார், கத்தவில்லை. "ஏம்மா, முப்பது பேரும் பேசி வச்சுக்கிட்டா மூச்சு விடுறாங்க?" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. என்னை 14-ஆம் பெட் தாத்தா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். என் வாட்ச்சில் செகண்ட் முள் இல்லை, தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, முழு நிமிஷம் எண்ணு, எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது, பல்ஸ் பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார். எண்ணினேன். நிமிஷத்துக்கு 32 மூச்சு, இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகம். முந்தின நாள் அதே தாத்தாவுக்கு நான் எழுதியிருந்தது 20.

"இப்ப என்ன பண்ணுவ?"

"தெரியல மேடம்."

"அப்ப தெரிஞ்சவங்ககிட்ட ஓடு." ஸ்டாஃப் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். அந்த 32-ஐ நான் கை நடுக்கத்தோடு எழுதினேன். என் நான்கு வருடத்தில் சார்ட்டில் எழுதிய முதல் உண்மையான எண் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் வருடம் இதைவிடப் பெரிய விஷயம். வார்டில் இரண்டு முருகேசன்கள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பாண்டோப்ரசோல் மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அல்சர் மாத்திரை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது என் புத்திசாலித்தனத்தால் இல்லையே. நானே போய் மூத்த மேடத்திடம் சொன்னேன். நோயாளிகள், கூட இருக்கும் உறவினர்கள், வேறு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் நிற்க, "உனக்கெல்லாம் எதுக்கு நர்சிங்" என்று ஆரம்பித்து அப்பாவுக்கு போன் போடும்வரை போனது. அதற்கப்புறம் எங்கள் பேட்ச்சில் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் மருந்து விஷயத்தில் தப்பு செய்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள், என்னைப் பார்த்தார்களே. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் ஆசிரியர்களைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு இதை விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது எழுத.

அன்றைக்குச் சாயங்காலம் கம்யூனிட்டி மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். மணி எத்தனை, யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, ஏன் ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) பார்க்கவில்லை, எல்லாம் எழுது, அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார். எழுதும்போதுதான் தெரிந்தது, நான் பெட் நம்பரை வைத்துக் கொடுத்திருக்கிறேன். முந்தின ராத்திரி ஃபேன் காற்று வரவில்லை என்று அந்த இரண்டு பேரும் கட்டிலை மாற்றிப் படுத்திருக்கிறார்கள்! மறுநாளிலிருந்து எங்கள் குரூப் பெட் நம்பரை நம்புவதில்லை. "உங்க பேர் என்னங்கய்யா?" என்று அவர்கள் வாயால் சொல்லவைத்து, ஐ.பி. நம்பரையும் ஒத்துப்பார்த்து, அப்புறம்தான் மாத்திரை. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்திலும் அப்படித்தான்.

மூத்த மேடத்துக்கும் நியாயமாக இருக்க வேண்டும். பெட்ஷீட்டின் மூலையை உறை மாதிரி மடித்துச் செருகுவதை இருபது தடவை உருவிப் போட்டுத் திரும்பச் செய்யவைத்தவர் அவர்தான். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடும்போது ஸ்டெரைல் கை எது, மற்ற கை எது என்று என் கைக்கே மனப்பாடம் ஆனது அவரால்தான். அப்புறம் இன்னொன்று, பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கும், நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் பார்த்தே இராத மேடங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நாளில் அவர் ஒருத்தர், நாங்கள் இருபத்தைந்து பேர், இரண்டு மாடியில் இரண்டு வார்டு. கட்டத்தில் உள்ள எண்ணை நின்று சரிபார்க்க அவருக்கு ஏது நேரம், கத்தினால் நிரம்பிவிடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்தப் பழி நிர்வாகத்துக்கு.

தியரி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெண்டர்சனின் 14 தேவைகள், ஓரெம், ராய் என்ற நர்சிங் கோட்பாடுகள் எல்லாம் சீனியர் ஃபைலிலிருந்து எங்கள் ஃபைலுக்கு வந்து அங்கிருந்து ஜூனியர் ஃபைலுக்குப் போயின. கேர் பிளானுக்கு (நோயாளியை எப்படிப் பராமரிப்பது என்று எழுதும் திட்டம்) ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போடவில்லை என்று எனக்கு இரண்டு மார்க் குறைந்திருக்கிறது. அனாடமி எடுத்த சார் மட்டும் விதிவிலக்கு, இதயத்தை போர்டில் வரையாமல் தக்காளியை வெட்டிக் காட்டுவார்.

வீடு வீடாகப் போகும் கம்யூனிட்டி போஸ்டிங்தான் இந்தக் கல்லூரியில் உருப்படியான பகுதி. வீட்டுக்குள் போனதும் முதலில் நியூஸ்பேப்பரை விரி, அதன்மேல் பேக்கை வை, சோப்பும் துண்டும் எடுத்துக் கை கழுவு, அதற்கப்புறம்தான் மற்ற சாமான்களைத் தொடு என்று பேக் டெக்னிக்கைப் புத்தகத்தில் படித்திருப்போம். மேடம் அதோடு ஒன்றைச் சேர்ப்பார்: பேப்பரை விரிக்கும்போது "உங்க வீடு அழுக்கு"ன்னு முகத்துல எழுதி வைக்காதீங்க. ஒரு வீட்டில் கொடுத்த காபியை வேண்டாம் என்ற பெண்ணைத் திரும்ப அனுப்பி வாங்கிக் குடிக்கவைத்தார். நாளைக்கு அந்த வீட்டு மருமகள் தன் ரத்தப்போக்கைப் பற்றி உன்னிடம் பேச வேண்டுமா வேண்டாமா என்றார்.

இப்படிப்பட்டவர் ஒருத்தர் கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது, அதுதான் என் குறை. 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியில் ஆரம்பித்த பள்ளியிலேயே வார்டு சிஸ்டர்கள்தான் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில், ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய நர்சிங் பள்ளி 1946-இல் டிகிரி கல்லூரியாக வளர்ந்த இடத்தில், பாடம் எடுக்கிறவர்களே வார்டுப் பொறுப்பும் பார்க்கிற முறை இருக்கிறது. எங்கள் கல்லூரியில் ஆசிரியர் வார்டுக்கு விருந்தாளி. ஸ்டாஃப் சிஸ்டர்களுக்கு நாங்கள் தொந்தரவு.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு கம்யூனிட்டி மேடத்துக்கு. அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து சீட்டு விசாரிக்கும் முன் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் போஸ்டிங் போகும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் பக்கத்தில் மேடம் நிற்கிறாரா, இல்லை கேன்டீனில் இருக்கிறாரா என்று. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள், கூடாது என்று யூ.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது.

என் சித்தி மகளுக்கு இந்த வருடம் அதே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, சேரட்டுமாக்கா என்று கேட்டாள். கம்யூனிட்டி மேடம் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துச் சொல்லுடீ என்றேன். இன்னும் போன் வரவில்லை.