குறுக்குக் கோடு போட்ட ஸ்வஸ்திகா: ஜெர்மன் பேச்சுரிமைச் சட்டம் பற்றிய ஓர் இணையவழிப் பாடம்

ஜெர்மனியில் பேச்சுரிமைக்குச் சட்டம் விதிக்கும் வரம்புகளை விளக்கும் ஆறு மணி நேர இணையவழிப் பாடமொன்றைச் சென்ற மாதம் முடித்தேன். செலுத்திய கட்டணத்துக்குப் பெரும்பாலும் தகும். ஆனால் அங்கு வாழும் தமிழர் முதலில் கேட்கும் கேள்விக்கு அதில் விடை இல்லை.

தடைசெய்யப்பட்ட சின்னங்கள் பற்றிய பகுதிதான் இதன் பலம். குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவை ஒப்பித்துவிட்டுப் போகாமல், ஒரே வழக்கை ஆசிரியர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுகிறார். நாஜி ஸ்வஸ்திகாவின் மேல் குறுக்குக் கோடு போட்ட நாஜி எதிர்ப்புப் பொருள்களை விற்ற வணிகருக்கு 2006-இல் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம் அபராதம் விதித்தது. எந்த நோக்கத்தோடு வந்தாலும் அச்சின்னம் கண்ணுக்குப் பழகிவிடக் கூடாது என்பது அதன் கவலை. எதிர்ப்பு என்பது பார்த்த மாத்திரத்தில் ஐயமின்றி விளங்குமானால் குற்றமில்லை என்று கூறி, 2007 மார்ச்சில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சின்னத்தைத் திரையில் பெரிதாக்கி, கோட்டை மட்டும் படிப்படியாக மெலியச் செய்து, "இப்போதும் குற்றமில்லையா?" என்று ஆசிரியர் கேட்ட இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டு யோசித்தேன். கலை, ஆய்வு, கல்வி ஆகியவற்றுக்கான விலக்கையும், 2018 முதல் கணினி விளையாட்டுகளுக்கும் அது தனித்தனியே பரிசீலிக்கப்படுவதையும் சுருக்கமாக, தெளிவாகச் சொல்கிறார்.

அரசியல் விமர்சனம் பற்றிய பகுதியில் அவசரம் தெரிகிறது. உள்ளாட்சி மட்டத்து அரசியல்வாதிகள் வரை அவமதிப்பிலிருந்து தனிப் பாதுகாப்பு அளிக்கும் வகையில் 2021-இல் 188ஆம் பிரிவு விரிவாக்கப்பட்டதைச் சொல்பவர், கடுமையான கண்டனம் எங்கே முடிந்து வெறும் வசை எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருவதில்லை. பசுமைக் கட்சி அரசியல்வாதி ரெனாட்டெ குனாஸ்டைப் பற்றிய வசைகளைச் சகித்துக்கொள்ள வேண்டியவை என்று கருதிய பெர்லின் நீதிமன்ற முடிவுகளை அரசியல் சாசன நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்ததே, அதை எடுத்திருந்தால் போதுமே!

பெரிய குறை வேறு. 2021-இல் வந்த இன்னொரு திருத்தம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் உள்ள அமைப்புகளின் சின்னங்களையும் 86அ பிரிவின் தடைக்குள் கொண்டுவந்தது. விடுதலைப் புலிகள் இயக்கமோ 2006 முதல் அப்பட்டியலில் இருக்கிறது. மாவீரர் நாள் நிகழ்வுக்குச் செல்லும் இளைஞர் கையில் எதை ஏந்தலாம், எதை ஏந்தக் கூடாது என்ற கேள்வி இங்குதான் பிறக்கிறது. பாடத்தின் கேள்விப் பகுதியில் எழுதிக் கேட்டேன். வழக்கறிஞரை அணுகவும் என்று ஒற்றை வரிப் பதில் வந்தது.