ரயில் தாமதம் என்று கைப்பேசி சொன்னால் தூங்கிவிடாதீர்கள்

போன மாதம் ஒரே இரவில் ரயிலையும் விட்டு, பதினெட்டாயிரத்துச் சொச்சம் பணத்தையும் விட்டேன். பாதித் தவறு என்னுடையது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அம்மாவுக்கும் எனக்கும் திருச்சியிலிருந்து டிக்கெட். சனிக்கிழமை இரவு சென்னை எழும்பூரில் கிளம்பும் வண்டி, திருச்சிக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றே முக்காலுக்கு வரும். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து ஜங்ஷன் போக இருபது நிமிடம் போதும். பதினொன்றரைக்கு ரன்னிங் ஸ்டேட்டஸ் பார்த்தேன். ரயில்வேயின் தளத்தில் அல்ல, எப்போதோ இறக்கி வைத்திருந்த ஒரு தனியார் செயலியில். ‘1 மணி 50 நிமிடம் தாமதம், திருச்சி 3.35’ என்று கொட்டை எழுத்தில் காட்டியது. அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு அலாரம் வைத்தேன்.

மூன்று மணிக்கு ஸ்டேஷனில் நின்றோம். எங்கள் வண்டியின் பெயரே பலகையில் இல்லை. விசாரணை ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அது ஒன்று ஐம்பதுக்கே போய்விட்டதே, சார்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் செயலியை நிதானமாகப் பார்த்தேன். திரையின் உச்சியில், விளம்பரத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி. முந்தின இரவும் சும்மா ஒரு முறை பார்த்திருந்தேன், அன்று வண்டி உண்மையிலேயே தாமதம். சனிக்கிழமை எங்கள் வீட்டில் இணையம் இழுத்துக்கொண்டிருந்தது. புதிய தகவல் கிடைக்காத செயலி, சேமித்து வைத்திருந்த பழைய திரையையே ஒரு வார்த்தை எச்சரிக்காமல் நீட்டிவிட்டது. இரண்டு நாளும் நிமிடம் பிசகாமல் ஒரே தாமதமா என்று எனக்கும் உறைத்திருக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு ஏறுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஏறும் தேதி வேறு, வண்டி தொடக்க நிலையத்தில் புறப்பட்ட தேதி வேறு. எங்கள் டிக்கெட்டில் ஞாயிறு, ஆனால் ஸ்டேட்டஸில் பார்க்க வேண்டியது சனிக்கிழமை கிளம்பிய வண்டியை. தேதி சரியாக இருந்தாலும் தாமதக் கணக்கு கல்வெட்டு அல்ல. கால அட்டவணையிலேயே கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்கியிருப்பார்கள், விழுப்புரத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கிய வண்டி வழியிலேயே அதில் ஒரு பகுதியைப் பிடித்துவிடும். தனியார் செயலிகளில் சில, வண்டியில் இருக்கும் பயணிகளின் கைப்பேசிக்கு எட்டும் சிக்னல் கோபுரத்தை வைத்துத்தான் வண்டியின் இடத்தைக் கணிக்கின்றன. வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் தளத்துக்குத் தகவல் வருவது ரயில்வேயின் சொந்த ஏற்பாடுகளிலிருந்து. இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த கருவி பல என்ஜின்களில் இருக்கிறது, அது முப்பது விநாடிக்கு ஒரு முறை இடத்தைச் சொல்லும். 139-ஐ அழைத்தாலும் விசாரிக்கலாம். அந்த மூன்று இலக்கங்களை நான் அன்று அழுத்தவில்லை.

இத்தோடு போயிருந்தால் டிக்கெட் காசு மட்டும்தான் நஷ்டம். நடைமேடையில் உட்கார்ந்தபடி, பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினேன். மேலே வந்த எண்ணை அழைத்தேன். அதிகாலை மூன்றரைக்கு முதல் மணியிலேயே எடுத்தார்கள். எந்த அலுவலகம் அப்படி எடுக்கும்? அப்போது அது தோன்றவில்லை, நன்றிதான் சொன்னேன். மிகப் பணிவான குரல், தட்டுத் தடுமாறிய தமிழ். “வண்டி தாமதம் என்று தவறான தகவல் வந்ததால் முழுப் பணமும் கிடைக்கும், பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும்” என்றான். அதற்கு ஒரு செயலியை நிறுவச் சொன்னான். என் திரை முழுவதையும் அவனுக்குக் காட்டும் செயலி அது என்பது பிறகுதான் தெரிந்தது. கார்டு எண்ணை அடித்தேன். வந்த ஓடிபியை நான் சொல்லவே இல்லை, அவனே பார்த்துக்கொண்டான். 9,999 ஒரு முறை, 8,500 இன்னொரு முறை.

விதி என்னவென்று இப்போது தெரியும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் பயணம் செய்யாவிட்டால்தான் முழுப் பணம். அதற்கும் வண்டி நம் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர், அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், பதிவு செய்ய வேண்டும். நேரத்துக்கு வந்த வண்டியை நாம் தவறவிட்டால் ஒன்றும் கிடையாது. இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பினால், எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கே வரும். கார்டு எண் கேட்க யாருக்கும் அவசியமில்லை.

இன்னொரு தவறும் செய்தேன். இணையமோசடிக்கான 1930 எண்ணை உடனே அழைக்காமல், அம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து, ஒன்பது மணிக்குத்தான் அழைத்தேன். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. ஐந்தரை மணி நேரம் கழித்துச் சொன்ன எனக்குக் கையில் இருப்பது புகார் எண் மட்டும்.

இன்று காலை அதே சொற்களைப் போட்டு மறுபடி தேடினேன். அந்த எண் இப்போது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. முதலிடத்தில் வேறொரு எண், அதுவும் பத்து இலக்கக் கைப்பேசி எண்தான்.