காட்டுப்பன்றிக்குத் துப்பாக்கியா, மின்வேலியா? மூன்று ஏக்கர் செம்பனையில் நான் எடுத்த முடிவு

அப்பா 2019-இல் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பாகவே அண்ணனும் நானும் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொன்ன முறைப்படி அப்பாவின் 12 போர் துப்பாக்கியையும் மிச்சமிருந்த தோட்டாக்களையும் ஒப்படைத்தோம். துப்பாக்கி உரிமம் ஆளின் பெயருக்குக் கொடுக்கப்படுவது. நிலத்தைப் போலவோ வீட்டைப் போலவோ பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. உரிமம் பெற்றவர் இறந்த பிறகு அதை அலமாரியில் வைத்திருப்பவர், நல்ல எண்ணத்தில் வைத்திருந்தாலும், உரிமமில்லாமல் வைத்திருப்பவராகவே ஆகிவிடுகிறார். மலேசியாவில் 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர். பழைய ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு 2021-இல் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) கன்று வைத்தோம். ஏக்கருக்கு ஏறக்குறைய 57 கன்று வீதம் மொத்தம் 170. நட்ட இரண்டாவது வாரத்தில் ஒரே இரவில் 11 கன்றுகள் போயின. காட்டுப்பன்றி கன்றைப் பக்கவாட்டில் தோண்டிச் சாய்த்து, அடித்தண்டின் உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் மென்று துப்பிவிட்டுப் போகிறது. குருத்து போன கன்று மறுபடி துளிர்ப்பதில்லை. அன்று காலை நிலத்தைப் பார்த்த அண்ணன், “தம்பி, அப்பா மாதிரி நீயும் உன் பேருக்கு ஒரு லைசென்ஸ் எழுதிப் போட்டுடு. வேற வழி இல்ல,” என்றார். நான் மூன்று வாரம் யோசித்து மின்வேலி போட்டேன். அந்த யோசனையையும், அதன் பிறகு கழிந்த நான்கு ஆண்டுகளில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை நீட்டவில்லை. துப்பாக்கி பன்றியைக் கொல்லும், வேலி திருப்பி அனுப்பும். துப்பாக்கிக்கு ஆள் விழித்திருக்க வேண்டும், வேலிக்கு வேண்டியதில்லை. முதல் செலவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல துப்பாக்கியும் அதைப் பூட்டி வைக்கச் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டியும் வாங்குகிற பணத்தில், என் நிலத்தின் சுற்றளவான சுமார் 450 மீட்டருக்கு மூன்று வரிசைக் கம்பியும், அதற்கு மின்துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் கருவியும், சூரிய ஒளித் தகடும், 12 வோல்ட் பேட்டரியும் வாங்கி மீதியும் வைத்தேன்.

அனுமதி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும். பயிரைக் காப்பதற்கென்று விண்ணப்பித்தாலும் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடுவதில்லை. துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே பன்றி வேட்டைக்கும் உரிமம் வந்துவிடாது. அது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பார்க்கிற விஷயம். எங்கள் ஊரில் துப்பாக்கி என்றாலே பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை லயத்து வீடுகளில் கழித்தவர்களின் பிள்ளைகள்தாம் எங்கள் பெற்றோர். சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதை அவர்கள் ஒருநாளும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றுதான். பராமரிப்பு என்றால் எண்ணெய் போடுவது, துடைப்பது என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. ஒரு பொருளை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க நாம் அன்றாடம் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுக்கத் தவறினால் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டும் சேர்ந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பா துப்பாக்கியைப் பராமரித்ததை இருபது ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு நிற்காது. ஒரு மழை இரவு வெளியே கொண்டுபோய் வந்தால், விடிந்ததும் குழலைக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்துத்தான் அப்பா காலைக் கோப்பி குடிப்பார். சுடாத மாதத்திலும் இரண்டு முறை இது நடக்கும். துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கும். இரண்டு சாவியும் அவர் இடுப்பிலேயே இருக்கும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் சாவியைத் தலையணைக்கு அடியிலும் வைக்கமாட்டார், குளிக்கப் போகும்போதுகூடக் கையோடு எடுத்துப் போவார். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். வாங்கிய தோட்டா எத்தனை, செலவானது எத்தனை என்ற கணக்கு எப்போது கேட்டாலும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் குடும்பமே ஈப்போ கல்லுமலைக்குக் கிளம்பும்போது அப்பா மட்டும் வீட்டில் தங்கிவிடுவார். காலியான வீட்டில் துப்பாக்கியை விட்டுப் போக அவருக்கு மனம் வராது. ஆண்டில் பத்து இரவு பயன்படுகிற ஒரு பொருளுக்காக மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் அவர் காவலிருந்தார். அவர் அதைச் சுமையாகச் சொன்னதில்லை. பொறுப்பாகத் துப்பாக்கி வைத்திருப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அந்த அளவுக்கு என்னால் முடியாது என்று தெரிந்துகொண்டதும் அவரைப் பார்த்துத்தான், ஏனென்றால் ஈப்போவில் வேலை பார்க்கும் நான் வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பதில்லை.

அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லி, அம்மா பிற்பாடு எனக்குச் சொன்ன ஒரு சம்பவம் இருக்கிறது. எங்கள் எல்லைக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் அப்போது ரப்பர் இருந்தது. பால்வெட்டும் அக்கா ஒருவர் விடியும் முன்பே தலைவிளக்கோடு வந்துவிடுவார். ஒருநாள் மூன்று மணியிலிருந்து காத்திருந்த அப்பாவுக்கு எல்லையோர வாழைக்குள் சலசலப்புக் கேட்டது. இருட்டில் தாழ்வாக ஏதோ அசைந்தது. துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, பாதுகாப்புப் பூட்டையும் விலக்கிவிட்டார். அப்போது அந்த அசைவு இருமியது. விளக்கின் பேட்டரி தீர்ந்துபோய், அதை மாற்றுவதற்காக அந்த அக்கா குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்பா தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த எல்லையில் அதன்பின் அவர் உட்காரவே இல்லை. பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகளை நம் நாட்டுப் பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருமல் நினைவுக்கு வரும். ஒரு குழல் கிளப்பும் குண்டுமணிகள் பன்றியோடு நின்றுவிடுவதில்லை. பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடுவதற்கு இடமே இல்லை. தோட்டப்புறத்தில் விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில் இருட்டுக்குள் பன்றியும் நடமாடும், ஆளும் நடமாடுவார்.

மின்வேலிக்குப் பராமரிப்பே இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது உண்மையல்ல. எனர்ஜைசர் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரம், பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் ஒரு துடிப்பைக் கம்பியில் அனுப்புகிறது. அழுத்தம் பெரிது, ஆற்றல் சிறிது. இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தர வரம்பு ஒரு துடிப்புக்கு 5 ஜூல், என்னுடையது 1 ஜூல். பன்றியின் ஈர மூக்கு கம்பியைத் தொட்டதும் மின்சாரம் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, மண்ணில் அடித்திருக்கும் எர்த் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முழுமையாக இருக்கும் வரைதான் வேலிக்கு உயிர். கம்பியின் மேல் லாலாங் புல் சாய்ந்தாலோ, கொடி ஏறினாலோ, காய்ந்த மட்டை விழுந்தாலோ, பன்றிக்குப் போக வேண்டிய அடி புல்லின் வழியாக மண்ணுக்குக் கசிந்துவிடும்.

என் சோதனைக் கருவி புதுக் கம்பியில் 6.8 கிலோவோல்ட் காட்டியது. அக்டோபர் மழையில் மூன்று வாரம் புல் வெட்டாமல் விட்டேன், 2.9-க்கு இறங்கிவிட்டது. 4-க்குக் கீழே போனால் பன்றி பொருட்படுத்துவதில்லை என்பது என் அனுபவம், அந்த வாரம் 4 கன்றுகள் போயின. இன்னொரு முறை புல்லே இல்லாமல் அழுத்தம் குறைந்தது. அந்தி சாயும் நேரத்தில் கம்பியோரமாக நடந்து போனபோது ஒரு மூலையில் மட்டும் “டிக், டிக்” என்று மெல்லிய சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், இன்சுலேட்டருக்கும் இரும்புக் கம்பத்துக்கும் இடையில் ஒரு நத்தை ஒட்டிக் கருகியிருந்தது. அதிலிருந்து இருட்டும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பகலில் கண்ணுக்குத் தெரியாத பொறி அப்போது தெரியும்.

இடி இன்னொரு செலவு. நம் பக்கத்தில் பிற்பகல் இடிக்குக் குறைவில்லை. முதல் எனர்ஜைசர் எட்டாவது மாதத்திலேயே இடியில் போனது. இடிதாங்கிச் சாதனத்தை முதலிலேயே வாங்காதது என் தவறு. வேலியின் எர்த்திலிருந்து தள்ளி அதற்கென்று தனி எர்த் அடித்துப் பொருத்திய பிறகு இரண்டாவது கருவி இன்னும் ஓடுகிறது. பேட்டரியை மூன்றாம் ஆண்டில் மாற்றினேன். வறட்சி மாதங்களில் மண் காய்ந்து எர்த் பிடிக்காமல் போனதால், ஒரு கம்பிக்குப் பதிலாக மூன்றை, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஓடையோரமாக அடித்து இணைத்தேன். கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு காலை புல்வெட்டியோடும் பாராங் கத்தியோடும் போகிறது; மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒன்று.

ஆகவே உழைப்பின் அளவை மட்டும் பார்த்தால் வேலி குறைந்தது அல்ல. அப்பா துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிட நான் வேலிக்குக் கொடுக்கும் வியர்வை அதிகம் என்றுகூடச் சொல்வேன். நான் சறுக்கினால் நடப்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மூன்று வாரம் நான் சோம்பேறியாக இருந்ததற்கு விலை 4 கன்றுகள். அப்பா மூன்று நிமிடம் சோர்ந்திருந்தால் அந்த அக்காவின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கை நடுங்குகிறது. சாவியை ஒருநாள் மறந்து விடுவதும், திருடன் பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போவதும் அதே கணக்கில்தான் சேரும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் திருட்டுக்கும் பாதுகாப்பு என்று அண்ணன் வாதிட்டார். பயிரைக் காக்கக் கொடுத்த உரிமத்தை அப்படி நீட்டிக்கொள்ள முடியாது என்பது ஒருபுறமிருக்க, எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். திருடனுக்குத் தெரியாமல் இருக்காது.

இதோடு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எனர்ஜைசர் வாங்கக் காசில்லை என்று வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மின்வேலி அல்ல, கொலைப்பொறி, சட்டவிரோதமும்கூட. துடிப்பு விட்டுவிட்டு வருவதால் தொட்டவர் கையை எடுக்க இடைவெளி கிடைக்கிறது. வீட்டு மின்சாரம் இடைவிடாமல் ஓடித் தசையை இறுக்கிப் பிடித்துவிடும், கையை விடவே முடியாது. பன்றிக்காகப் போட்ட இத்தகைய கம்பியில் ஆட்கள் மாண்டது நம் நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. முறையான வேலிக்குக்கூட பத்து மீட்டருக்கு ஒரு எச்சரிக்கைப் பலகையை மலாயிலும் தமிழிலும் மாட்டியிருக்கிறேன்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வேலி போட்ட அதே ஆண்டின் இறுதியில்தான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்தில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு பன்றிகள் குறைந்ததில் வேலியின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 2023-க்குப் பிறகு காலடித் தடங்கள் மறுபடி பெருகியும் உள்ளே கன்று போகவில்லை என்பதால்தான் வேலியை நம்புகிறேன். முள்ளம்பன்றி கீழ்க்கம்பிக்கு அடியில் தோண்டி இரண்டு முறை வந்தது. கீழ்க்கம்பியை 20 சென்டிமீட்டருக்கு இறக்கிய பிறகு வரவில்லை. யானை இறங்குகிற காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு என் மூன்று கம்பி எந்த வகையிலும் போதாது. ஐம்பது அறுபது ஏக்கர் வைத்து, நிலத்திலேயே தங்கி, அப்பாவைப் போல ஒழுங்காகப் பேணக்கூடிய ஒருவர் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அவ்வளவு நீளக் கம்பிக்கு அடியில் புல் வெட்டுவது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை.

மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கம்பி வாங்கும் முன் பக்கத்து நிலக்காரரை அழைத்துக்கொண்டு எல்லையை ஒரு முறை நடந்து பாருங்கள். நான் என் பக்கத்து நிலக்காரரான பாக்சிக்கோடு (மலாய்க்காரப் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) அப்படி நடந்தபோதுதான், பன்றிகள் எங்கள் இருவர் நிலத்துக்கும் ஒரே ஓடை வழியாக வருவது தெரிந்தது. அந்தப் பக்கக் கம்பிக்கு இப்போது இருவரும் பாதிப் பாதி செலவு செய்கிறோம், புல்லை மாறி மாறி வெட்டுகிறோம். நான் ஈப்போவில் இருக்கும் நாட்களில் அந்தியில் சுற்றிப் பார்த்துவிட்டு சோதனைக் கருவியின் எண்ணை அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.