வீணைக்கு அவலரக்கு பாலிஷ்: பல வருஷப் புழக்கத்தில் எது நிற்கிறது, எது போகிறது

தஞ்சாவூர் வீணைக்கு மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) என்று பளபளக்கும் பூச்சுகள் வந்துவிட்டாலும், தினமும் வாசிக்கும் வீணைக்கு ஸ்பிரிட்டில் (மெருகு வேலைக்கான ஆல்கஹால்) கரைத்த அவலரக்குதான் (ஷெல்லாக் செதில்) சரி. உழைப்பில் பியூதான் கெட்டி. ஆனால் அதில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சுரண்ட வேண்டியிருக்கும். அரக்கில் புதுப் பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றிவிடும்; ஒட்டுப் போட்ட தடமே தெரியாது.

அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 75 கிராம் அவலரக்கு போதும். கண்ணாடி பாட்டிலில் ராத்திரி ஊறவிட்டு, அவ்வப்போது குலுக்கி, மறுநாள் துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். கரைத்து ஆறு மாதம் தாண்டியதை நம்பக் கூடாது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்து நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். பள்ளம் விழுந்தால் கொட்டிவிடலாம்; அது வீணையிலும் காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

பலா மரத்தின் துளைகள் பெரியவை. சாக்பீஸ் பொடியால் அடைத்தால் பின்னாளில் வெள்ளை வெள்ளையாய்த் தெரியும். அதே மரத்தின் தூளை அரக்கில் குழைத்து அடைப்பதே நல்லது. 150, 220, 320 என்று உப்புத்தாளை மாற்றி, ரேகை ஓடும் வாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அரக்கில் நனைத்துப் பிழிந்து, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். பொதி ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் அடிப்பூச்சு கரைந்து துணியோடு வந்துவிடும். துணி வழுக்காமல் பிடித்தால் பொதியின் அடியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். அரை மணி இடைவெளியில் நாளுக்கு நான்கு மெல்லிய பூச்சு, மூன்று நாள். பிறகு ஒரு வாரம் தொடாமல் காயவிட வேண்டும். வீணையின் உருண்டைப் பகுதியான குடத்தின் மேல்பலகையில் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

மழை நாளில் மட்டும் பூசவே கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளை பூத்துவிடும். லேசாகப் பூத்திருந்தால், வெயில் காயும் ஒரு நாளில் ஸ்பிரிட் தொட்ட பொதியால் ஒரு இழுப்பு இழுத்தால் மறையும்.

மெட்டுகளை (தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கம்பிகள்) பிடித்திருக்கும் மெழுகின் பக்கம் டர்பன்டைன் போகவே கூடாது. மெழுகு இளகினால் மெட்டு நகரும். மறுபடி மேளம் கட்டத்தான் வேண்டும், அதாவது சுருதி பார்த்து மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடைகளிலும் அவற்றின் துளைகளிலும் அரக்கு பட்டால் பிரடை இறுகி ஒட்டிக்கொள்ளும். வேலைப்பாட்டுக் கோடுகளில் நிரப்பிய வண்ணம் ஸ்பிரிட்டில் கரையக்கூடும், அதனால் முதலில் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம்.

வருஷங்கள் போகப் போக முதலில் தேய்வது வலது முன்கை படும் குடத்தின் விளிம்பு. வியர்வையில் அரக்கு மங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மரம் தெரிய ஆரம்பிக்கும். வாசிக்கும்போது அங்கே ஒரு பருத்தித் துணியைப் போட்டால் போதும். கிருமிநாசினி தடவிய ஈரக் கையோடு வீணையைத் தொட்டால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும், ஏனென்றால் அதிலிருப்பதும் ஆல்கஹால்தான். சென்ட்டும் அப்படித்தான். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் உறையின் நெசவு பூச்சில் பதியும், மெழுகும் இளகும்.

தந்திக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் வீணையின் கழுத்தான தண்டியில் வழிந்து படியும் இடத்தில் அரக்கு ஒட்டாது. அங்கே புதுப்பிக்கும் முன், மெழுகில் படாமல், உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, 320 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, இரண்டே பூச்சுக் கொடுத்தால் போதும்.